தானமாக வரும் சீருடையும் பள்ளிக்கூட வாசலும்

2003 சனவரியில் கென்யாவில் மவாய் கிபாகியின் புதிய அரசு தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை நீக்கியபோது, அந்த ஓராண்டில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் கூடுதலாகப் பள்ளிக்கு வந்து சேர்ந்தார்கள். கட்டணம் போயிற்று, சீருடை போகவில்லை. சீருடை இல்லாத பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பதே கல்வி அமைச்சகத்தின் நிலைப்பாடு. ஆனால் பள்ளி வாசலில் நிற்பவர் அமைச்சர் அல்லர், தலைமையாசிரியர். அவர்களில் பலர் அந்தப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். நாட்டின் சராசரி ஆண்டு வருமானமே ஆளுக்கு ஏறத்தாழ 400 டாலராக இருந்த காலத்தில், ஒரு சீருடையின் விலை சுமார் 6 டாலர். மேற்குக் கென்யாவில், உகாண்டா எல்லையை ஒட்டிய புசியா போன்ற மாவட்டங்களில், சிறு நிலத்தில் பயிரிட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அந்தச் சராசரியும் எட்டாத ஒன்று. அங்கே நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டில், கட்டணம் இல்லாத கல்விக்கும் ஆண்டுதோறும் கணிசமான ஒரு தொகையை எடுத்துவைக்க வேண்டியிருந்தது.

ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை தானம் செய்வது நல்லதா என்று கேட்டால் எவரும் நல்லது என்றுதான் சொல்வார்கள். அந்தத் துணி பிள்ளையின் வாழ்க்கையில் எதை மாற்றுகிறது, எதை மாற்றுவதில்லை, எவ்வளவு காலத்துக்கு மாற்றுகிறது என்று கேட்டால் பதில் அவ்வளவு எளிதாக வராது. நல்வாய்ப்பாக, இந்தக் கேள்வியை ஓரளவு கறாராகச் சோதித்துப் பார்த்த இடம் ஒன்று உண்டு. அதுவும் அதே மேற்குக் கென்யாதான்.

சீருடை இல்லாமை ஒரு பிள்ளையைப் பள்ளியிலிருந்து விலக்கும் வழிகளை முதலில் பிரித்துப் பார்ப்பது நல்லது. ஆசிரியர் வெளியே அனுப்புவது கண்ணுக்குத் தெரியும் வழி. அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சத்தில் பிள்ளை தானே வராமல் இருந்துவிடுவது இரண்டாவது. இது எந்தப் பதிவேட்டிலும் காரணமாக எழுதப்படுவதில்லை, 'வரவில்லை' என்ற குறியோடு முடிந்துவிடுகிறது. மூன்றாவது வழியை நன்கொடையாளர்கள் பெரும்பாலும் யோசிப்பதே இல்லை. ஒரே ஒரு செட் சீருடை உள்ள பிள்ளை அதைத் துவைத்து உலர்த்தும் நாளில், குறிப்பாக மழைக்காலத்தில், பள்ளிக்கு வர முடியாது. சட்டை ஒன்று, அண்ணன் தம்பி இருவர் என்றால், யார் இன்று போவது என்ற கணக்கு வீட்டுக்குள்ளேயே நடக்கும். ஆகவே சீருடை 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டே நிலைகளில் ஏழ்மையை அளக்க முடியாது. எத்தனை செட், எந்த நிலையில், யாருடைய அளவுக்குத் தைத்தது என்பனவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கென்யாவில் நெதர்லாந்தைச் சேர்ந்த ஐ.சி.எஸ். என்ற தொண்டு நிறுவனம், பிள்ளைகளை நன்கொடையாளர்கள் ஆதரிக்கும் திட்டம் ஒன்றின் வழியாகச் சீருடை வழங்கிவந்தது. விரும்பிய எல்லாருக்கும் கொடுக்கப் பணம் போதாததால், யாருக்குக் கிடைக்கும் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தார்கள். ஆய்வாளர்களுக்கு இது பெரிய வாய்ப்பாக அமைந்தது. வழக்கமாகச் சீருடை அணிந்துவரும் பிள்ளையையும் அணியாத பிள்ளையையும் ஒப்பிட்டால், வேறுபாடு சீருடையால் வந்ததா, சீருடை வாங்கித் தரும் அளவுக்கு அக்கறையும் வசதியும் உள்ள பெற்றோரால் வந்ததா என்று சொல்ல முடியாது. சீட்டுக் குலுக்கலில் வென்றவர்களும் தோற்றவர்களும் மற்ற எல்லா வகையிலும் ஏறத்தாழ ஒரே மாதிரியானவர்கள் என்பதால், பின்னர் தோன்றும் வேறுபாட்டைச் சீருடையின் கணக்கில் எழுதலாம்.

டேவிட் எவன்ஸும் முத்தோனி ங்காத்தியாவும் வெளியிட்ட ஆய்வின்படி, சீருடை பெற்ற சராசரி மாணவர் பள்ளிக்கு வராத நாட்கள் 37 விழுக்காடு குறைந்தன. அதாவது 7 விழுக்காட்டுப் புள்ளிகள் (நூறு பள்ளி நாட்களில் 7 நாட்கள்). தொடக்கத்தில் சீருடையே இல்லாத பிள்ளைகளிடம் குறைவு 55 விழுக்காடு, 15 புள்ளிகள். இந்த எண்களைத் திருப்பிக் கணக்கிட்டால் ஒரு செய்தி புலப்படுகிறது. நூறு பள்ளி நாட்களில் சராசரிப் பிள்ளை ஏறக்குறைய 19 நாட்கள் வராமல் இருந்தது; சீருடை இல்லாத பிள்ளை 27 நாட்கள் வராமல் இருந்தது. சீருடை கொடுத்த பிறகு இரண்டுமே ஏறக்குறைய 12 நாட்களுக்கு வந்து நிற்கின்றன. அந்தப் பள்ளிகளில் மிக ஏழையான பிள்ளைக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் வருகையில் இருந்த இடைவெளியின் பெரும்பகுதி ஒரு சட்டையால் மூடப்பட்டது என்று இதைப் படிக்கலாம். மீதமுள்ள 12 நாட்களுக்குக் காய்ச்சலும் வயல் வேலையும் வீட்டில் சிறு குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் காரணமாக இருக்கக்கூடும். அவற்றைத் துணி தீர்க்காது.

இந்த ஆய்வின் இரண்டாம் பகுதியை மேற்கோள் காட்டுவோர் குறைவு. திட்டம் தொடங்கி எட்டு ஆண்டுகள் கழித்து அதே பிள்ளைகளைத் தேடிப் பார்த்தபோது, சீருடை பெற்றவர்கள் பெறாதவர்களைவிட மேல் வகுப்புவரை படித்ததற்கோ, தொடக்கப் பள்ளியைக் கூடுதலாக முடித்ததற்கோ சான்று எதுவும் கிடைக்கவில்லை. வருகையில் ஏற்பட்ட அத்தனை பெரிய மாற்றம் கரைந்துபோயிருந்தது.

இதில் வியப்படைய அதிகம் இல்லை என்பது என் எண்ணம். வளரும் பிள்ளையின் சட்டை ஓராண்டில் குட்டையாகிவிடும், ஒன்றரை ஆண்டில் கிழிந்துவிடும். ஒருமுறை கொடுத்த சீருடை ஒருமுறை கட்டிய பள்ளிக் கட்டணத்துக்குச் சமம்; அடுத்த ஆண்டுக் கட்டணத்தை அது கட்டாது. அதோடு, சீட்டில் தோற்ற பிள்ளையின் பெற்றோரும் கைகட்டி உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஆட்டை விற்றோ கடன் வாங்கியோ சில மாதங்களில் ஒரு சீருடையை வாங்கியிருப்பார்கள். அப்படியானால் நன்கொடை அந்தக் குடும்பத்துக்கு மிச்சப்படுத்தியது ஓர் ஆட்டையோ ஒரு கடனையோதான். அதுவும் சிறிய உதவி அல்ல. ஆனால் கல்வி ஆய்வில் அது எண்ணாகத் தெரியாது.

இதே வட்டாரத்தில் நடந்த வேறோர் ஆய்வு எதிர்த்திசையில் பேசுவது போலத் தோன்றும். எஸ்தர் டூஃப்லோ, பாஸ்கலின் டூபா, மைக்கேல் கிரெமர் ஆகிய மூன்று பொருளியலாளர்களும் 328 பள்ளிகளில் நடத்திய அந்தச் சோதனையில், ஒரு பகுதிப் பள்ளிகளில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2003 தொடங்கி, தொடக்கப் பள்ளியின் (அப்போது அங்கே அது எட்டாம் வகுப்புவரை) கடைசி ஆண்டுகளில் இரண்டு சீருடைகள் இலவசமாக வழங்கப்பட்டன. மூன்று ஆண்டுகளில் பெண்பிள்ளைகளின் இடைநிற்றல் 19 விழுக்காட்டிலிருந்து 16 ஆகவும், ஆண்பிள்ளைகளின் இடைநிற்றல் 13-இலிருந்து 10 ஆகவும் குறைந்தது. அதைவிடக் கவனத்துக்குரியது, வளரிளம் பருவத்தில் கருவுற்ற பெண்பிள்ளைகளின் பங்கு 16 விழுக்காட்டிலிருந்து 13 ஆகக் குறைந்ததுதான். அந்தச் சூழலில் படிப்பும் தாய்மையும் ஒன்றாகப் போக முடியாதவை. பள்ளியில் நீடிக்க வழி இருந்த பெண் திருமணத்தையும் குழந்தைப்பேற்றையும் தள்ளிப்போட்டாள். சீருடை மட்டும் வழங்கியதால் பாலியல் நோய்த் தொற்று குறைந்துவிடவில்லை என்பதையும் அதே ஆய்வு பதிவு செய்திருக்கிறது; சீருடையின் வேலை எங்கே முடிகிறது என்பதற்கு அது ஓர் எல்லைக்கோடு.

ஓர் ஆய்வில் பயன் கரைகிறது, இன்னோர் ஆய்வில் நிற்கிறது என்றால் எதை நம்புவது? இரண்டையும் நம்பலாம் என்றே நினைக்கிறேன். ஐ.சி.எஸ். சீட்டில் சீருடை பெற்றவர்களில் சின்ன வகுப்புப் பிள்ளைகளும் இருந்தார்கள். சின்ன வகுப்பில் பிள்ளை சில நாட்கள் வராமல் இருக்கும், ஆனால் படிப்பை விட்டே போவது குறைவு. அந்த வயதில் கொடுத்த சட்டை, பிள்ளை படிப்பை விடும் வயதை எட்டுவதற்கு முன்பே கிழிந்துபோயிருக்கும். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்புவரைதான், குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு, இன்னும் படிக்கவைப்பதா நிறுத்துவதா என்று குடும்பம் முடிவெடுக்கும் ஆண்டுகள். அந்த நேரத்தில், அதுவும் இரண்டு முறை வந்த சீருடை அந்த முடிவையே சற்று அசைத்தது. கொடுத்த பொருள் ஒன்றுதான். கொடுத்த காலம் வேறு.

கிரெமர் இதற்கும் முன்பு, 1990-களில், புசியா வட்டாரத்தில் நடந்த வேறொரு திட்டத்தை ஆராய்ந்திருக்கிறார். அதில் சீருடையோடு பாடநூல்களும் வகுப்பறைக் கட்டடங்களும் தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்கு வழங்கப்பட்டன. ஐந்தாண்டுகளில் அந்தப் பள்ளிகளின் பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு கூடுதலான பள்ளிப்படிப்பை முடித்திருந்தார்கள். ஆனால் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளும் அந்தப் பள்ளிகளுக்கு மாறி வந்ததால் வகுப்பின் அளவு 50 விழுக்காடு பெருத்தது. தேர்வு மதிப்பெண்களில் முன்னேற்றம் தெரியவில்லை. நெருக்கடியான வகுப்பு என்று தெரிந்தும் பெற்றோர் பிள்ளைகளை அங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள் என்பதிலிருந்து, அவர்களுக்குச் சீருடைச் செலவு எவ்வளவு பெரிய சுமையாக இருந்தது என்பதை ஊகிக்கலாம். ஒரு பள்ளிக்கு மட்டும் தருவது பக்கத்துப் பள்ளியைக் காலியாக்கும் என்பதும் அதில் அடங்கிய பாடம்.

கொடுத்ததால் மட்டுமல்ல, கொடுப்பதாகச் சொல்லிக் கொடுக்காமல் விட்டதாலும் விளைவு உண்டு. எக்குவடோரின் ஏழை நகர்ப்புறங்களில் இலவசச் சீருடைத் திட்டம் ஒன்றை ஆராய்ந்தவர்கள், அது வருகையைக் கூட்டுவதற்குப் பதிலாகச் சற்றுக் குறைத்திருப்பதைக் கண்டார்கள். திட்டத்தில் சேர்க்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட பள்ளிகளில் பல, பின்னர் அதிலிருந்து விலக்கப்பட்டதுதான் அதற்கு ஆய்வாளர்கள் தரும் விளக்கம். வருகிறது என்று நம்பியிருந்த வீடுகளுக்குச் சீருடை வரவில்லை. 'அடுத்த மாதம் வந்துவிடும்' என்ற சொல்லை நம்பிப் பழைய சட்டையோடு காத்திருந்த அனுபவம் உள்ள எவருக்கும் இதை விளங்கவைக்க வேண்டியதில்லை.

அடுத்தது, எண்களில் எளிதாகப் பிடிபடாத பகுதி. சீருடைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் முதன்மையான வாதம், அது பணக்காரப் பிள்ளையையும் ஏழைப் பிள்ளையையும் பார்வைக்கு ஒன்றாக்குகிறது என்பது. தானமாக வரும் சீருடை அந்த நோக்கத்தையே சில வேளைகளில் முறியடித்துவிடுகிறது. துணியின் நிறம் ஒரு பிடி வேறாக இருக்கும். பையில் வழங்கியவர் பெயர் அச்சாகியிருக்கும். காலை வணக்கக் கூட்டத்தில் பெயர் சொல்லி அழைத்து, மேடையேற்றி, பொதியை நீட்டும்போது படம் பிடிப்பார்கள். அந்தப் பிள்ளையின் வீட்டில் காசில்லை என்பது அதுவரை நாலு பேருக்குத் தெரிந்திருந்தால், அன்றைக்குப் பள்ளி முழுவதற்கும் தெரிந்துவிடும். படம் இல்லாமல் அடுத்த ஆண்டு பணம் திரட்டுவது கடினம் என்பது நன்கொடை அமைப்புகளின் உண்மையான சிக்கல்தான். ஆனால் பிள்ளையின் முகத்தைக் காட்டாமல் தையற்கூடத்தையோ துணிக் கட்டுகளையோ காட்டினால் நம்பாத நன்கொடையாளர் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்?

எல் சல்வடோரின் கிராமங்களில் டாம்ஸ் நிறுவனம் பிள்ளைகளுக்கு இலவசமாக வழங்கிய காலணிகளைப் பற்றிய ஆய்வு இங்கே நினைவுகூரத்தக்கது. உடல்நலத்திலும் தன்மதிப்பிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆனால் காலணி பெற்ற பிள்ளைகள், தங்கள் குடும்பத் தேவைகளைப் பிறர்தான் நிறைவேற்ற வேண்டும் என்று மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாகச் சொன்னார்கள். பள்ளி வாசலைத் திறக்கும் பொருளுக்கும், இருந்தால் நல்லது என்ற அளவில் உள்ள பொருளுக்கும் உள்ள வேறுபாடு கென்யச் சட்டையையும் சல்வடோர்க் காலணியையும் பக்கத்தில் வைத்தால் தெரியும்.

கொடுப்பவர் மறைந்துபோகும் ஏற்பாடு எப்படி இருக்கும் என்பதற்கு இலங்கை ஓர் எடுத்துக்காட்டு. அங்கே 1993 முதல் அரசு, அரசுப் பாடசாலை மாணவர்கள் அனைவருக்கும் சீருடைத் துணி வழங்கிவருகிறது. இடையில் சில ஆண்டுகள் துணிக்குப் பதிலாக வவுச்சர் கொடுத்தார்கள். 2022-இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் அரசிடம் பணம் இல்லாதபோது, 2023-ஆம் ஆண்டுக்கான துணியில் ஏறத்தாழ 70 விழுக்காட்டைச் சீனா நன்கொடையாக அளித்தது. 2025-ஆம் ஆண்டுக்கு முழுத் தேவையையும் ஏற்றுக்கொண்டது. உலகில் தானமாக வந்த சீருடைகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக இது இருக்கக்கூடும். ஆயினும் மலையகத்தின் ஹட்டன் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கும் கொழும்புப் பிள்ளைக்கும் அது பாடசாலையில் எல்லாருக்கும் கிடைக்கும் துணிதான். யாரும் மேடையேறி வாங்கவில்லை. நாடுகளுக்கிடையே அந்த நன்கொடைக்கு என்ன விலை என்பது வேறு விவாதம். பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால், வகுப்பில் எவரையும் தனியே பிரித்துக் காட்டாத கொடை அது.

ஆனாலும் துணி மட்டும் சீருடையாகிவிடாது. தையற்கூலி பெற்றோருடையது. இலங்கையின் வெள்ளைச் சீருடைக்குச் சவர்க்காரமும் நீரும் வேண்டும்; சவர்க்கார விலை ஏறிய நெருக்கடிக் காலத்தில், தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் லயன் வீடுகளில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) வெள்ளைச் சட்டையை வெள்ளையாகவே வைத்திருப்பது ஒரு தனிச் செலவு. மாதவிடாய் நாட்களில் வெண்ணிற உடையில் பெண்பிள்ளைகள் படும் பதற்றத்தை நிறத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. சப்பாத்து (காலணி) இன்னொரு செலவு. புலம்பெயர்ந்த பழைய மாணவர்கள் ஊர்ப் பாடசாலைகளுக்கு உதவும்போது, துணி ஏற்கெனவே கிடைக்கும் இடத்தில் மேலும் துணி தருவதைவிடத் தையற்கூலியையும் சப்பாத்தையும் ஏற்றுக்கொள்வது பயனுள்ளது.

தமிழ்நாடு வேறு பாதையில் வந்தது. காமராசர் ஆட்சியில், நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்தபோது 1958-இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு இயக்கம், ஊர் மக்களே தங்கள் பள்ளிக்கு வேண்டியதைத் தருவது என்ற அடிப்படையில் நடந்தது. கரும்பலகை, பெஞ்சு, கட்டடம் போலவே பிள்ளைகளுக்கான சீருடையும் அப்படி வந்தது. பிறகு 1985 முதல், எட்டாம் வகுப்புவரை சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கு அரசே விலையில்லாச் சீருடை வழங்கத் தொடங்கியது; 2012-13 கல்வியாண்டிலிருந்து அது ஆண்டுக்கு நான்கு செட் ஆனது. துணியைக் கூட்டுறவு நெசவாளர்கள் நெய்ய, மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைத்துக் கொடுக்கின்றன. இந்த நான்கு செட் என்பதில்தான் மேலே பார்த்த இரண்டு ஓட்டைகளும் அடைபடுகின்றன: துவைக்கும் நாளில் மாற்று உண்டு, அடுத்த ஆண்டு வளர்ந்தால் புதியது உண்டு. குறைகளும் உண்டு. சராசரி அளவில் தைத்து வருவது பலருக்குத் தொளதொளக்கிறது அல்லது பிடிக்கிறது. பிரித்துத் தைக்கத் தெருமுனை டெய்லரிடம் பெற்றோர் காசு கொடுக்கிறார்கள். அரசுப் பள்ளிச் சீருடையும் மெட்ரிக் பள்ளியின் டையும் ஒரே பேருந்தில் நிற்கும்போது, வகுப்புக்குள் அழிந்த வேறுபாடு பேருந்தில் தெரிகிறது.

இந்திய ஒன்றிய அளவில், ஒருங்கிணைந்த கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் விதி, எட்டாம் வகுப்புவரை ஆண்டுக்கு இரண்டு செட்டுக்காகப் பிள்ளைக்கு 600 ரூபாய். பெண்பிள்ளைகள் அனைவருக்கும், பட்டியல் சாதி, பழங்குடி ஆண்பிள்ளைகளுக்கும், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களின் ஆண்பிள்ளைகளுக்கும் அது உரியது. வறுமைக்கோட்டுக்கு ஓர் அங்குலம் மேலே இருப்பதாகக் காகிதத்தில் பதிவான பையனுக்கு, மாநில அரசு தன் கையிலிருந்து போட்டாலன்றி எதுவும் இல்லை. அதே வகுப்பில் ஒருவன் பெற, ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கும் நிலையை விதியே உண்டாக்குகிறது. உத்தரப் பிரதேசம் 2021 முதல் துணிக்குப் பதிலாகப் பெற்றோரின் வங்கிக் கணக்கில் பணம் போடுகிறது. சீருடை, ஸ்வெட்டர், காலணி, பை எல்லாவற்றுக்குமாகத் தொடக்கத்தில் 1,100 ரூபாய், அடுத்த ஆண்டிலிருந்து எழுதுபொருளையும் சேர்த்து 1,200 ரூபாய். பிள்ளையின் அளவுக்கு வாங்க முடியும் என்பது இதில் நன்மை. அந்தத் தொகைக்குள் எல்லாம் அடங்குமா என்பதும், வீட்டில் வேறு அவசரம் வந்தால் அந்தப் பணம் எங்கே போகும் என்பதும் இதில் உள்ள கேள்விகள்.

இவ்வளவுக்கும் அடியில் இருப்பது பள்ளி வைத்த விதி. சீருடை வேண்டும் என்பது இயற்கை விதி அல்ல. ஒரே கடையில் மட்டும் கிடைக்கும், முத்திரை தைத்த, வாரத்தின் சில நாட்களுக்கு வேறு நிறம் கொண்ட சீருடையைக் கேட்கும் பள்ளி, நன்கொடை தேவைப்படும் பிள்ளைகளின் எண்ணிக்கையைத் தானே கூட்டிக்கொள்கிறது. எந்தக் கடையிலும் கிடைக்கும் சாதாரணச் சட்டை போதும் என்று ஒரு தலைமையாசிரியர் முடிவெடுத்தால், பல குடும்பங்களுக்கு நன்கொடையே தேவைப்படாமல் போகலாம். சீருடை தர முன்வரும் அமைப்பு, துணியோடு இந்தப் பேச்சையும் பள்ளியிடம் எடுக்கலாம். குறைந்தபட்சம், சீருடை வரும்வரை பிள்ளையை வெளியே அனுப்பக் கூடாது என்பதை ஒரு நிபந்தனையாகக் கேட்கலாம். பணம் கொடுப்பவர் கேட்டால் பள்ளி செவிசாய்க்கும்.

எத்தனை சீருடை வழங்கினோம் என்பது இத்தகைய அமைப்புகளின் ஆண்டறிக்கையில் கட்டாயம் இருக்கும். அந்தப் பிள்ளைகளின் வருகை என்ன ஆயிற்று என்பது அநேகமாக இருக்காது. அதை அறிய பெரிய ஆய்வு தேவையில்லை. வருகைப் பதிவேடு ஒவ்வொரு பள்ளியிலும் ஏற்கெனவே இருக்கிறது. பிள்ளைகளின் பெயரை வெளியிடாமல், வழங்குவதற்கு முந்தைய மூன்று மாதத்தையும் பிந்தைய மூன்று மாதத்தையும், பிறகு அடுத்த கல்வியாண்டின் அதே மாதங்களையும் தலைமையாசிரியரின் இசைவோடு எண்ணிப் பார்த்தால், முழு நிரூபணம் இல்லாவிட்டாலும், ஒரு செட் போதுமானதாக இருந்ததா, எந்த வகுப்பில் கொடுத்தது பலித்தது, எந்த மாதத்தில் வருகை மறுபடி சரிந்தது என்பன ஓரளவு தெரியவரும். அடுத்த ஆண்டுக்கான துணியை வாங்கும் முன் செய்யக்கூடிய வேலை அது.